அரசு ஊழியர் சம்பள உயர்வை வரவு செலவுத் திட்டத்தில் தேடிப் படிக்கும் முறை

மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024 ஆகஸ்ட் 16ஆம் நாள் பொதுச் சேவைக்கான புதிய சம்பள முறையை அறிவித்தபோது, பெரும்பாலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு எண்கள் மட்டுமே. பொதுவான ஊழியர்களுக்கு முதல் கட்டத்தில் 8 விழுக்காடும் இரண்டாம் கட்டத்தில் 7 விழுக்காடும் உயர்வு என்றும், உயர்மட்ட நிர்வாக அதிகாரிகளுக்கு அது 4 விழுக்காடும் 3 விழுக்காடும் என்றும் செய்திகள் வந்தன. முதல் கட்டம் 2024 டிசம்பர் 1 முதலும் இரண்டாம் கட்டம் 2026 ஜனவரி 1 முதலும் நடப்புக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. எஸ்.எஸ்.பி.ஏ. என்று அழைக்கப்படும் இந்த முறை, 2002 முதல் இருந்துவந்த எஸ்.எஸ்.எம். முறையின் இடத்தைப் பிடித்தது.

இந்த நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, உயர்வு நியாயமானதா, நாடு அதைத் தாங்குமா, அது நம் வீட்டில் யாருக்குச் சேரும், யாருக்குச் சேராது என்று சொல்லிவிட முடியாது. அதற்கான விவரங்கள் நிதி அமைச்சின் வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கம் செய்துகொள்ளக்கூடிய ஆவணங்களில் இருக்கின்றன. மலாய் மொழியை ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்கும் கணக்குப் பொறியைத் தட்டத் தெரிந்தவருக்கும் அவை எட்டாதவை அல்ல. பினாங்கில் வாழும் தமிழ் வாசகர்களை மனத்தில் வைத்து, அவற்றைப் படிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

சம்பளத்தைக் கொடுப்பவர் யார்?

தொடங்க வேண்டிய இடம் இதுதான். எல்லாரையும் நாம் ‘கவர்மெண்ட் வேலை’ என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவர்களுடைய சம்பளம் வெவ்வேறு கணக்குகளிலிருந்து வருகிறது. கல்வியும் சுகாதாரமும் காவல் துறையும் கூட்டரசின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளம் கல்வி அமைச்சின் கணக்கிலும், பினாங்கு பொது மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் தாதியின் சம்பளம் சுகாதார அமைச்சின் கணக்கிலும் இருக்கும். கொம்தாரில் உள்ள மாநில அரசுக்கும் இந்தச் சம்பளங்களுக்கும் தொடர்பு இல்லை.

நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் உள்ளவை. நில அலுவலகத்தில் பணிபுரியும் மாநில ஊழியரின் சம்பளம் மாநில வரவு செலவுத் திட்டத்தில் வரும். அந்த அலுவலகங்களிலேயே சில உயர் பதவிகளில் கூட்டரசிலிருந்து வந்த அதிகாரிகளும் இருப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தீவில் பினாங்கு மாநகர் மன்றமும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றமும் தங்கள் ஊழியர்களுக்கு, நாம் ஆண்டுக்கு இரு தவணையாகச் செலுத்தும் மதிப்பீட்டு வரி உள்ளிட்ட தங்கள் சொந்த வருமானத்திலிருந்து சம்பளம் கொடுக்கின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் கூட்டரசு அமைப்பில் வேலை செய்தாலும், அவருடைய சம்பளம் கூட்டரசின் சம்பளக் கணக்கில் நேரடியாகத் தோன்றாது. உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகத்துக்கு வழங்கும் மானியத்துக்குள் அது அடங்கியிருக்கும். ரேப்பிட் பினாங்கு பேருந்து ஓட்டுநர் நிதி அமைச்சுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் ஊழியரே தவிர, அரசு ஊழியர் அல்லர்.

இந்தப் பிரிவினை தெரியாவிட்டால், மாநகர் மன்ற ஊழியரின் கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினரிடமும், தாதியின் கோரிக்கையைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய் நிற்க நேரும். கூட்டரசு ஒரு சம்பள உயர்வை அறிவித்தால் மாநிலங்களும் ஊராட்சி மன்றங்களும் வழக்கமாக அதைப் பின்பற்றுகின்றன. அதற்கான பணத்தை அவை தாங்களேதான் தேட வேண்டும். மாநிலங்கள் விருப்பம்போல் கடன் வாங்கவும் அரசியலமைப்பின் 111ஆவது விதி இடம் கொடுப்பதில்லை. ஆதலால் புத்ராஜெயாவில் அறிவிக்கப்படும் ஓர் உயர்வின் பாரத்தில் ஒரு பகுதி, சில காலம் கழித்து நிலவரியிலும் மதிப்பீட்டு வரியிலும் வந்து தெரியக்கூடும்.

எதைத் திறப்பது, எங்கே பார்ப்பது

வரவு செலவுத் திட்ட உரை பலரும் கேட்பது. அதில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. தேவையானவை வேறு இரண்டு. ‘அங்காரான் பெர்பெலஞ்சாஆன் பெர்செகுத்துவான்’ என்ற தடித்த மதிப்பீட்டு நூலில் ஒவ்வோர் அமைச்சின் செலவும் வரி வரியாக இருக்கும். ‘தின்ஜாவான் பிஸ்கல்’ என்ற நிதி நிலை அறிக்கையில் நாடு முழுமைக்குமான கூட்டுத்தொகைகள் அட்டவணைகளாக இருக்கும். பழக்கம் இல்லாதவர் இரண்டாவதிலிருந்து தொடங்குவது நல்லது.

மதிப்பீட்டு நூலில் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஓர் எழுத்து நிற்கும். ‘பி’ என்னும் ஒலியில் தொடங்கும் இரண்டு எழுத்துகள் உள்ளதால் கவனம் வேண்டும்: ‘பெகாலான்’ என்பதைக் குறிக்கும் B எழுத்து அமைச்சுகளின் நிர்வாகச் செலவையும், ‘பெம்பாஙுனான்’ என்பதைக் குறிக்கும் P எழுத்து மேம்பாட்டுச் செலவையும் காட்டுகின்றன. ‘தங்குஙான்’ என்பதைக் குறிக்கும் மூன்றாவது எழுத்தான Tதான் பலரும் கவனிக்காமல் கடந்துபோவது. அரசியலமைப்பின் 98ஆவது விதிப்படி, ஓய்வூதியமும் நாட்டுக் கடனுக்கான வட்டியும் அரசின் வருமானம் சேரும் தொகுநிதியின்மேல் நேரடியாகச் சுமத்தப்பட்டவை. இவற்றுக்கு நாடாளுமன்றத்தின் ஆண்டு வாக்கெடுப்பு தேவையில்லை. சம்பளத்தைப் பற்றி உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிக்கிறார்கள். அந்தச் சம்பளத்திலிருந்து பின்னாளில் பிறக்கும் ஓய்வூதியம் வாக்கெடுப்பு இல்லாமலே செலவாகிறது.

அமைச்சின் பக்கத்தைத் திறந்ததும் 10000 என்ற குறியீட்டைத் தேடுங்கள். அதன் பெயர் ‘எமோலுமென்’, அதாவது ஊழியர்களுக்கான மொத்தச் சம்பளச் செலவு. அதற்குக் கீழ் 11000 என்பது அடிப்படைச் சம்பளமும் கூலியும். 12000 நிலையான அலவன்ஸ்கள். 13000 சட்டப்படி ஊழியருக்காகச் செலுத்தும் சந்தாக்கள். 14000 கூடுதல் நேரப் பணத்துக்கானது. 15000 பிற நிதிப் பயன்கள். ஒரு மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை இருக்கிறதா என்று ஐயம் கொள்பவர், 11000இல் உள்ள தொகை அசையாமல் நிற்க 14000இல் உள்ள தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பார்க்கலாம். முடிவான சான்றாக அது ஆகிவிடாது. ஆனாலும் கேள்வி எழுப்பப் போதுமான காரணம்.

20000 என்ற குறியீட்டில் சேவைகளும் வழங்கல் பொருள்களும் வருகின்றன. இந்த இடத்தில் சற்று நின்று படிக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிகளைத் துப்புரவு செய்பவர்களும், பள்ளி வாசலில் காவல் நிற்பவர்களும், மருத்துவமனைக் கூடங்களைக் கழுவுபவர்களும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்கள்; மருத்துவமனைத் துணைச் சேவைகள் 1990களின் பிற்பகுதியிலேயே தனியார் மயமாக்கப்பட்டன. அரசு அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் கொடுக்கிறது, அந்தக் கட்டணம் 10000இல் சேராது. எனவே 8 விழுக்காடும் 7 விழுக்காடும் அவர்களைத் தொடவே இல்லை. அவர்களைத் தொடுவது 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் மட்டுமே. அரசுப் பணியில் குறைந்த வருமானம் அலவன்ஸ்களையும் சேர்த்து 2,000 ரிங்கிட்டைத் தாண்டும் என்று 2024 மே 1ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஒரே பள்ளி வளாகத்தில் ஒரே நேரத்தில் வேலைக்கு வரும் இருவரில் ஒருவர் ஒரு குறியீட்டிலும் மற்றவர் இன்னொரு குறியீட்டிலும் இருக்கிறார்கள். இந்த வேலைகளில் நம் சமூகத்துப் பெண்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அரசு ஊழியர் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025ஆம் ஆண்டை எடுத்துப் பார்ப்போம்

2024 அக்டோபர் 18ஆம் நாள் தாக்கல் செய்யப்பட்ட 2025 வரவு செலவுத் திட்டத்தின் மொத்தம் 421 பில்லியன் ரிங்கிட். அதில் 335 பில்லியன் நிர்வாகச் செலவு, 86 பில்லியன் மேம்பாட்டுச் செலவு. நிர்வாகச் செலவில் எமோலுமென் 105.9 பில்லியன், ஓய்வூதியம் உள்ளிட்ட ஓய்வுக்காலச் செலவு 40.6 பில்லியன், கடன் வட்டி 54.7 பில்லியன் என மதிப்பிடப்பட்டது.

இந்த எண்களை வெறுமனே வாசித்தால் ஒன்றும் புரியாது; வகுத்துப் பார்க்க வேண்டும். 105.9ஐ 335ஆல் வகுத்தால், நிர்வாகச் செலவில் சம்பளம் ஏறக்குறைய 31.6 விழுக்காடு என்று தெரியும். அதையே 421ஆல் வகுத்தால் 25 விழுக்காடு வரும். சம்பளச் செலவு மிகுதி என்று சொல்ல விரும்புபவர் முதல் எண்ணையும், குறைவு என்று காட்ட விரும்புபவர் இரண்டாவதையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் பிழையற்ற கணக்குகளே. எதை எதனால் வகுத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எந்த விழுக்காட்டையும் ஏற்க வேண்டும்.

என் கருத்தில் இவற்றைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்று உண்டு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றையும் கூட்டினால் 201.2 பில்லியன் வருகிறது. அவ்வாண்டுக்கு எதிர்பார்க்கப்பட்ட கூட்டரசு வருமானம் 339.7 பில்லியன். வகுத்தால் 59 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதாவது, வருமானமாக வரும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 59 ரிங்கிட், எந்த அமைச்சர் எதை விரும்பினாலும் அவ்வாண்டில் எளிதில் குறைக்க முடியாத மூன்று கடமைகளுக்குப் போய்விடுகிறது. மருந்து, மானியங்கள், உதவித்தொகை, பராமரிப்பு, மாநிலங்களுக்கான நிதி ஆகிய அனைத்தும் மீதியில்தான் நடக்க வேண்டும்.

சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுக்கலாமே என்று எண்ணத் தோன்றலாம். மலேசியாவில் கூட்டரசு வாங்கும் கடன் மேம்பாட்டுச் செலவுக்கே பயன்பட வேண்டும் என்பதும், நிர்வாகச் செலவை வருமானமே ஈடுகட்ட வேண்டும் என்பதும் நெடுங்காலக் கொள்கை. மேலே உள்ள 335ஐயும் 339.7ஐயும் அருகருகே வைத்தால் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது புலப்படும். 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம், பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள்ளும், கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவரக் கோருகிறது. ஆதலால் ஒரு சம்பள உயர்வை அறிவித்தால், வரி வருமானம் வளர வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு செலவு சுருங்க வேண்டும். மானியச் சீர்திருத்தமும் சம்பள உயர்வும் ஒரே காலத்தில் வந்ததை இந்த நெருக்கத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

2026ஆம் ஆண்டுக்கு மொத்தம் 419.2 பில்லியனும் அதில் நிர்வாகச் செலவு 338.2 பில்லியனும் என அறிவிக்கப்பட்டன. மேற்சொன்ன வகுத்தல்களை அந்த ஆண்டின் அட்டவணையை வைத்து நீங்களே ஒரு முறை செய்து பார்த்தால் முறை கைவந்துவிடும்.

ஒருவரின் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுதல்

நாட்டுக் கணக்கு மலைப்பாக இருந்தால் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 3,000 ரிங்கிட், நிலையான அலவன்ஸ்கள் 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 8 விழுக்காடு உயர்வு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே கணக்கிடப்படுவதால் அவருக்குக் கூடுவது 240 ரிங்கிட். மாதம் வீட்டுக்கு வரும் 3,600 ரிங்கிட்டோடு ஒப்பிட்டால் உண்மையான உயர்வு 6.7 விழுக்காடு அளவில்தான் இருக்கும். அலவன்ஸின் பங்கு கூடக்கூட, அறிவிக்கப்பட்ட விழுக்காட்டுக்கும் கைக்கு வரும் விழுக்காட்டுக்கும் உள்ள தூரம் அதிகமாகும். அறிவிப்பைக் கேட்டவர்களுக்கும் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்கும் இடையே எழும் மனக்கசப்புக்கு இதுவே பெரிய காரணம்.

அந்த 240 ரிங்கிட் இதோடு நிற்பதில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவருக்கு, பணியாற்றிய மாதங்களின் எண்ணிக்கையை 600ஆல் வகுத்துக் கடைசி அடிப்படைச் சம்பளத்தால் பெருக்குவதே ஓய்வூதியக் கணக்கு. உச்ச வரம்பு 60 விழுக்காடு. 360 மாதங்கள் பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கு, இன்று கூடிய 240 ரிங்கிட் பின்னாளில் மாதம் 144 ரிங்கிட் கூடுதல் ஓய்வூதியமாக மாறும். ஓய்வு பெறும்போது ஒரே தொகையாகக் கிடைக்கும் பணிக்கொடை, பணி மாதங்களை அதே சம்பளத்தோடு பெருக்கி அதில் 7.5 விழுக்காடு; ஆகவே 6,480 ரிங்கிட் கூடும். இத்தோடு 2023 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற நிலையான ஓய்வூதிய உயர்வைக் கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது; பணியில் உள்ளவர்களின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் திருத்தப்படும் பழைய ஏற்பாடு மீண்டும் உயிர் பெற்றது. ஆகவே ஓய்வு பெற்ற ஆசிரியரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்.

ஊராட்சி மன்றங்களும் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளும் தங்கள் ஓய்வூதிய ஊழியர்களுக்காக அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டை ‘குவாப்’ எனப்படும் ஓய்வூதிய நிதியத்துக்கு மாதந்தோறும் செலுத்துகின்றன. அங்கே 240 ரிங்கிட் உயர்வின் உண்மையான மாதச் செலவு, மேலும் 42 ரிங்கிட் சேர்த்து, 282 ரிங்கிட். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகப் பணியில் சேர்பவர்களுக்கு ஓய்வூதியத்துக்கு மாறாக ஊழியர் சேமநிதிச் சந்தா என்று கூட்டரசு முடிவெடுத்தது. இதன் பலன் ஓய்வூதியக் கணக்கில் உடனே தெரியாது. அவர்கள் ஓய்வு பெறப் பல பத்தாண்டுகள் ஆகும், ஆனால் அவர்களுக்கான சந்தா முதல் மாதத்திலிருந்தே 13000இல் ஏறத் தொடங்குகிறது. ஒரு காலம் வரை அரசு இரண்டையும் சுமந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் சம்பளச் செலவு உயர்வதைப் பார்த்து, ஓய்வூதியத்தை நிறுத்தியும் பயனில்லை என்று முடிவு கட்டுவது அவசரமாகும்.

ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடும்போது

முதல் கட்ட உயர்வு 2024இல் டிசம்பர் ஒரு மாதத்தை மட்டுமே பாதித்தது. 2025இல் பன்னிரண்டு மாதங்களையும் பாதித்தது. எனவே அந்த இரண்டு ஆண்டுகளின் எமோலுமெனை ஒப்பிட்டுச் சம்பளச் செலவு திடீரெனத் தாவிவிட்டது என்று சொல்வதற்கு முன், ஒப்பிடப்படுவது ஒரு மாத உயர்வும் முழு ஆண்டு உயர்வும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பே இல்லாத ஆண்டிலும் வழக்கமான ஆண்டு உயர்வால் இத்தொகை ஏறும். உண்மைச் செலவு என்று குறிக்கப்பட்ட பத்தியும் மதிப்பீடு என்று குறிக்கப்பட்ட பத்தியும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கும். ஒரே வகைப் பத்திகளை மட்டும் ஒப்பிடுங்கள். இடையில் துணை மதிப்பீட்டு மசோதா வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊழியரின் பக்கமிருந்து பார்க்கும்போது விலைவாசியைக் கழிக்காமல் எந்த உயர்வையும் அளக்க முடியாது. புள்ளியியல் துறை மாதந்தோறும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது; பினாங்குக்கென்று தனி எண்ணும் உண்டு. முந்தைய சம்பளத் திருத்தம் நடந்த மாதத்தின் குறியீட்டையும் இந்த மாதத்தின் குறியீட்டையும் எடுத்து, பின்னதை முன்னதால் வகுத்து, அந்த விகிதத்தைப் பழைய அடிப்படைச் சம்பளத்தோடு பெருக்குங்கள். கிடைக்கும் தொகை, அன்றைய வாங்கும் சக்தியைக் காக்க இன்று தேவைப்படும் சம்பளம். உயர்த்தப்பட்ட சம்பளம் அதற்கு மேல் இருந்தால்தான் அது வாழ்க்கையை உயர்த்திய உயர்வு.

தமிழ்ப்பள்ளிகளுக்கான ஒதுக்கீட்டைப் பற்றி

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. உரையில் குறிப்பிடப்படும் தொகை பெரும்பாலும் கட்டடச் சீரமைப்பு போன்ற மேம்பாட்டுப் பணிகளுக்கானது. ஆசிரியர்களின் சம்பளம், முழு அரசுப் பள்ளியாக இருந்தாலும் அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தாலும், கல்வி அமைச்சின் 10000இல் இருக்கிறது. இரண்டையும் சேர்க்காமல் ஒரு பள்ளி வகையை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு பிழைபடும். மாநில அரசும் ஆண்டுதோறும் தனியே உதவி வழங்குவதால், மூன்றாவதாக அதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிக்குப் புதிய கூரை கிடைப்பது ஆறுதல்தான். ஆயினும் பிள்ளைகளுக்கு முதலில் தேவை ஆசிரியர், அதற்கான பணம் வேறு குறியீட்டில் இருக்கிறது.

கேள்வியைக் கொண்டுசேர்த்தல்

நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் விவாதிக்கப்பட்டபின் குழு நிலைக்குச் செல்கிறது. அந்த நிலையில்தான் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சம்பளக் குறியீடு பற்றிய கேள்விக்கு உரிய இடம் அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு எழுதிவிடுங்கள். மாநில ஊழியர் தொடர்பானது என்றால், வழக்கமாக நவம்பரில் லைட் ஸ்ட்ரீட்டில் உள்ள சட்டமன்றத்தில் மாநிலத் திட்டம் தாக்கலாவதற்கு முன் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும். மாநகர் மன்றம் தொடர்பானது என்றால் உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு.

கடிதத்தில் அமைச்சின் பெயர், மதிப்பீட்டு நூலின் ஆண்டு, பக்க எண், குறியீடு, முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, இந்த ஆண்டின் மதிப்பீடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். ‘ஊழியர்களைக் கவனியுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு ‘கவனிக்கிறோம்’ என்ற பதில் வரும். கூடுதல் நேரப் பணத்துக்கான தொகை ஏறியிருக்கும்போது அடிப்படைச் சம்பளத்துக்கான தொகை ஏன் ஏறவில்லை, நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்று பக்க எண்ணோடு கேட்டால், அமைச்சின் அதிகாரி ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். அமைச்சரின் பதில் அவையில் வாசிக்கப்பட்டால், அது நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் மலாயில் இடம்பெற்று, வலைத்தளத்தில் யாரும் தேடி எடுக்கும்படி இருக்கும். அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த மதிப்பீட்டு நூல்கள் வெளிவரும்போது அதே குறியீட்டில் உண்மைச் செலவு என்ன என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் அதை மேற்கோள் காட்டி மீண்டும் எழுதுங்கள்.